ஹரோவில் கராஜை அம்மாவுக்கான அறையாக மாற்றுவது: வெப்பக்காப்பும் செலவுக் கணக்கும்

ஹரோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லண்டன் ஹரோவில் இருக்கும் எங்கள் செமி வீடு (ஒரு சுவரை அயல்வீட்டோடு பகிரும் இரட்டை வீடு) 1930களில் கட்டப்பட்டது. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கராஜ் 1960களில் சேர்க்கப்பட்டது. இன்றைய கார் எதுவும் அதற்குள் நுழைந்தால் கதவைத் திறந்து இறங்க முடியாது என்பதால், பழைய அலுமாரிகளும் அரிசி மூட்டைகளுமே அங்கே குடியிருக்கின்றன. மூட்டுவாதத்தால் அம்மாவுக்கு மாடிப்படி ஏறுவது மிகக் கடினமாகிவிட்டது. ஆகவே கராஜின் முன்பகுதியைப் படுக்கையறையாகவும் பின்பகுதியை இருந்தபடியே குளிக்கக்கூடிய சிறு குளியலறையாகவும் மாற்ற எண்ணியுள்ளோம்.

உள்ளளவு 2.5 மீட்டர் அகலம், 5.1 மீட்டர் நீளம். நீளவாட்டில் ஒரு பக்கம் வீட்டுச் சுவர். மறுபக்கம் ஒற்றைச் செங்கல் சுவர், அதற்கப்பால் அயல்வீட்டின் நடைபாதை. பின்சுவரும் ஒற்றைச் செங்கல்தான். கூரை மரப்பலகையின் மேல் ஃபெல்ட் (தார் விரிப்பு) ஒட்டிய தட்டைக் கூரை. கொங்கிரீட் தரை வீட்டுத் தரையைவிட ஏறத்தாழ 150 மி.மீ. தாழ்வாக இருக்கிறது. சமையலறையிலிருந்து கராஜுக்குள் செல்ல ஏற்கெனவே ஒரு கதவு உண்டு.

கையில் இருப்பது 25,000 பவுண். இரண்டு பில்டர்களிடம் மதிப்பீடு பெற்றிருக்கிறேன். முதலாமவர் ஒற்றைத் தாளில் மொத்தம் 17,000 பவுண் என்று எழுதித் தந்தார். சுவருக்கும் கூரைக்கும் 6 மி.மீ. வெள்ளிப் படலம் போதும், அறை சுருங்காது என்கிறார். இரண்டாமவர் வற் வரி உட்பட 29,500 பவுண் கேட்கிறார், ஆனால் பிரித்துக் காட்டியிருக்கிறார்: முன்சுவரும் அதன் அத்திவாரமும் 4,200, தரை 2,600, சுவர்களின் வெப்பக்காப்பும் பூச்சும் 4,400, கூரை 4,800, யன்னலும் வெளிக்கதவும் 2,700, குளியலறை 6,300, மின்சாரமும் ரேடியேட்டரும் 2,600, வரைபடமும் கவுன்சில் கட்டணமும் 1,900.

என் கேள்விகள் இவை. உண்மையில் எவ்வளவு வெப்பக்காப்பு தேவை? படலம் போதும் என்பது சரியா? செலவைக் குறைக்க வேண்டுமானால் எதில் குறைக்கலாம், எதில் கூடாது?

தளமேற்பார்வை எழுதியது:

தம்பி, கட்டடத் தளங்களில் மேற்பார்வை செய்து ஓய்வுபெற்றவன் நான். முதலில் படலத்தின் கதையை முடித்துவிடுவோம்.

வெளியே 0 பாகை, உள்ளே 20 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் செங்கல் சுவரின் யு மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியே ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் வெளியேறும் வெப்பம், ஏறத்தாழ 3 வாட்டுக்கு மேல். அப்படிப்பட்ட சுவரின் உட்பரப்பு 11 அல்லது 12 பாகையில்தான் நிற்கும். 20 பாகையில் 60 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறைக் காற்று 12 பாகையைத் தொட்டதும் நீராய்ப் படியத் தொடங்கும். குளியலறையும் உள்ளேயே இருக்கப்போகிறது. இரவு முழுவதும் ஒருவர் மூச்சுவிடப்போகிறார். ஆகவே அந்தச் சுவரை அப்படியே விட்டால் முதல் குளிர்காலத்திலேயே கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். யு மதிப்பை 0.30 ஆக்கினால் அதே உட்பரப்பு 19 பாகைக்கு மேல் இருக்கும், அதில் நீர் படியாது.

இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான எல் பகுதி வழிகாட்டியின் 2021 பதிப்பு, இருக்கும் சுவரை உட்புறமாக மேம்படுத்தும்போது கேட்பதும் அந்த 0.30ஐத்தான். தரைக்கு 0.25, கூரைக்கு 0.16. கராஜ் கதவை எடுத்துவிட்டு எழுப்பும் முன்சுவர் புதிய கட்டுமானம் என்பதால் அதற்கு 0.18. யன்னலுக்கு 1.4.

0.30க்கு எவ்வளவு கனம் வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். 1ஐ 0.30ஆல் வகுத்தால் 3.33, அதுதான் சுவரின் மொத்த வெப்பத் தடை. செங்கல், பிளாஸ்டர்போர்டு (ஜிப்சம் பலகை), உட்புற வெளிப்புறக் காற்றுப் பரப்புகள் எல்லாம் சேர்ந்து 0.37 அளவுக்குத் தரும். மீதி 2.96ஐ வெப்பக்காப்புதான் தரவேண்டும். பி.ஐ.ஆர். எனப்படும் கடின நுரைப் பலகையின் கடத்துதிறன் 0.022 என்பதால் இடையில் மரம் எதுவும் இல்லாவிட்டால் 65 மி.மீ. போதும். மரச் சட்டங்கள் வெப்பத்தைக் கடத்துவதால் நடைமுறையில் சட்டங்களுக்கிடையே 75 மி.மீ., அவற்றின் மேல் தொடர்ச்சியாக இன்னொரு 25 மி.மீ. என்று போடுவோம். 6 மி.மீ. படலமோ, இருபுறமும் அடைத்த காற்றிடைவெளி விட்டு நேர்த்தியாகப் பொருத்தினால்கூட, தேவையானதில் பாதியளவே தரும். சுவரோடு ஒட்டிவிட்டால் ஏறத்தாழ ஒன்றும் தராது. முதலாமவரிடம் அந்தச் சுவரின் யு மதிப்புக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். மறுபேச்சு வராது என்றே நினைக்கிறேன்.

இதற்கு மேலும் கனமாகப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். உங்கள் நீளச் சுவர் ஏறத்தாழ 12 சதுர மீட்டர். வெறும் செங்கலாக இருந்தால் 20 பாகை வித்தியாசத்தில் 700 வாட்டுக்கு மேல் இழக்கும், 0.30இல் அது 72 வாட்டாகிவிடும். 0.18 வரை கொண்டுபோனால் 43 வாட். அந்த 29 வாட்டுக்காக 2.5 மீட்டர் அகல அறையில் இன்னும் 50 மி.மீ. இழப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளைக்கு நடைவண்டியோ சக்கர நாற்காலியோ கட்டிலைச் சுற்றித் திரும்பவேண்டியிருக்கும்.

பலரும் கவனிக்காதது காற்றுக் கசிவு. உங்கள் அறை முழுவதும் விதிப்படி செய்யப்பட்டால் சுவர், தரை, கூரை, யன்னல் எல்லாம் சேர்ந்து ஒரு பாகைக்கு ஏறத்தாழ 15 வாட் இழக்கும். மணிக்கு ஒருமுறை அறைக் காற்று முழுதும் மாறினால் அதனால் மட்டும் 9 வாட் போகும். பலகைகளுக்கிடையே இடைவெளி, மின்பெட்டியைச் சுற்றி ஓட்டை, தரையும் சுவரும் சந்திக்கும் மூலையில் விரிசல் என்று விட்டால் அந்த 9 எளிதில் 18 ஆகும். 75 மி.மீ. போடுவதா 100 மி.மீ. போடுவதா என்று மணிக்கணக்கில் வாதாடிவிட்டு, மூட்டுகளுக்கு அலுமினிய நாடா ஒட்டாமல் பிளாஸ்டர்போர்டை அடித்து மூடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுவரின் வரிசை இப்படி இருக்கட்டும்: செங்கல், 50 மி.மீ. வெற்றிடம், மரச் சட்டமும் பலகையும், அதன் மேல் தொடர்ச்சியான பலகை, மூட்டுகளில் நாடா, நீராவித் தடுப்புப் படலம், பிளாஸ்டர்போர்டு. ஒற்றைச் செங்கல் அடைமழையில் உட்புறம் வரை நனையும். அந்த ஈரம் மரத்தைத் தொடாமல் வடிந்து காயத்தான் வெற்றிடம். நீராவித் தடுப்பு எப்போதும் வெப்பமான பக்கத்தில், அதாவது அறைப் பக்கத்தில் வரவேண்டும். செங்கல் சுவரிலிருந்து உள்நோக்கித் துருத்தும் தூண்களைத் தாண்டித்தான் சட்டம் போகவேண்டும். இடத்தை மிச்சம்பிடிக்கத் தூணின் மேல் நேரே பிளாஸ்டர்போர்டை ஒட்டினால் தூண் நின்ற இடமெல்லாம் கறுப்புக் கோடு விழும்.

வீட்டுப் பக்கச் சுவருக்கு எதுவும் வேண்டாம், அதன் இருபுறமும் வெப்பமான அறைகள்தான். இரண்டாமவர் அந்தச் சுவரையும் கணக்கில் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள்.

வரவுசெலவு எழுதியது:

கட்டுமானத்தைப் பற்றி மேலே ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் கணக்காளர், காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது மதிப்பீட்டில் 17,000 என்பது வரி சேர்த்தா, சேர்க்காமலா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. சேர்க்காதது என்றால் 20 விழுக்காடு கூட்டி 20,400 ஆகும். அதன்பின் வரைபடம், பில்டிங் கண்ட்ரோல் (கட்டட விதிப்படி வேலை நடக்கிறதா என்று பரிசோதிக்கும் பிரிவு) கட்டணம், தரை வெப்பக்காப்பு, முன்சுவர் அத்திவாரம் ஆகியவை அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். இவை ஒவ்வொன்றையும் சேர்த்த பிறகு இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒற்றை வரியில் தரப்படும் மதிப்பீட்டில் மலிவாக இருப்பது வேலை அல்ல, எழுதாமல் விட்ட பகுதிகள்தான்.

பலருக்கும் தெரியாமல் போகும் இரண்டு சலுகைகளும் ஓர் எச்சரிக்கையும் உங்கள் சூழ்நிலைக்கு உண்டு. முதலாவது, கவுன்சில் வழங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டு வசதி மானியம். இங்கிலாந்தில் அதன் உச்சவரம்பு 30,000 பவுண். மாடியேற முடியாதவருக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறையும் குளிக்கும் வசதியும் செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. வருமானப் பரிசோதனை உங்கள் சம்பளத்தின் மேல் அல்ல, உங்கள் அம்மாவின் வருமானத்தின் மேலும் சேமிப்பின் மேலும் நடத்தப்படும். கவுன்சிலின் தொழில்வழிச் சிகிச்சையாளர் வந்து தேவையை மதிப்பிடுவார். முறையான விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். மிக முக்கியமாக, ஒப்புதல் கிடைப்பதற்கு முன்பு வேலையைத் தொடங்கினால் மானியத்தை இழக்க நேரும். பில்டருக்கு முன்பணம் கொடுத்து நாள் குறிப்பதற்கு முன்பே கவுன்சிலின் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்குத் தொலைபேசுங்கள். இரண்டு குளிர்காலத்தை அம்மா மேல்மாடியிலேயே கழிக்க வேண்டியிருக்கும் அளவுக்கு இது தாமதமானால் காத்திருப்பது பொருந்தாமல் போகலாம். அதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

இரண்டாவது, வற் வரி விலக்கு. நாட்பட்ட நோயோ நீடித்த இயலாமையோ உள்ளவரின் வீட்டில் அவருடைய நிலை காரணமாகக் குளியலறையோ கழிவறையோ அமைத்துக் கொடுத்தால் அந்த வேலைக்குப் பூச்சிய வரி. வயதானதால் வந்த பொதுவான தளர்ச்சி மட்டும் இதற்குப் போதாது. மூட்டுவாதத்தால் அன்றாட இயக்கம் பாதிக்கப்பட்டிருப்பது தகுதிபெறும். வேலை அம்மாவுக்குச் செய்யப்பட்டதாகப் பட்டியல் அவர் பெயரில் இருக்கவேண்டும், அவர் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிடவேண்டும். உங்கள் பட்டியலில் குளியலறை 6,300 என்றால் அதில் 1,050 வரி. படுக்கையறைப் பகுதிக்கு இந்த விலக்கு பொருந்தாது என்பதால் பில்டர் இரண்டையும் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. சக்தி சேமிப்புப் பொருட்களைப் பொருத்தும் வேலைக்கு 2027 மார்ச் 31 வரை பூச்சிய வரி என்பது உண்மை. அதைக் காட்டி, கராஜ் மாற்றும் வேலை முழுவதற்கும் வரியில்லை என்று சில பில்டர்கள் சொல்கிறார்கள். பெரிய வேலை ஒன்றின் சிறு பகுதியாக வெப்பக்காப்பு வரும்போது மொத்த வேலைக்கும் வழமையான வரிதான் விழும். பிறகு வரித்துறை கேட்டால் பில்டர் உங்களிடம் வந்து நிற்பார்.

25,000 பவுணை அப்படியே மதிப்பீட்டுத் தொகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய கராஜில் தோண்டும்போதும் உரிக்கும்போதும் எதிர்பாராதது வரும் என்பதால் 10 முதல் 15 விழுக்காட்டைத் தனியே ஒதுக்குங்கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் கையொப்பமிடக்கூடிய தொகை ஏறத்தாழ 22,000. வேலை தொடங்குமுன் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

எனக்கு இந்தப் பிளாஸ்டிக் மயமான தீர்வில் உடன்பாடில்லை. செங்கல் சுவர் மூச்சுவிட வேண்டும். ஒரு பக்கம் பாலித்தீனும் மறுபக்கம் மழையுமாக இருந்தால் ஈரம் எங்கே போகும்? மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும் போட்டால் சுவர் ஈரத்தை உறிஞ்சி மெதுவாக வெளிவிடும், அறைக் காற்றும் இதமாக இருக்கும். என் வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறேன். செலவு கூடுதல்தான், ஆனாலும் வருந்தவில்லை.

தளமேற்பார்வை எழுதியது:

நீங்கள் சொல்வது விக்டோரியா காலத்துச் சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களுக்கு மிகப் பொருத்தமானது. அத்தகைய சுவர்களில் பி.ஐ.ஆர். பலகையை ஒட்டுபவர்களோடு நானும் சண்டையிட்டிருக்கிறேன். ஆனால் இது 1960களின் சீமெந்துச் சாந்தில் கட்டிய ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கும் வெப்பக்காப்புக்கும் இடையே வெற்றிடம் விடுகிறோம், ஆகவே ஈரம் வெளிப்புறமாகவே காயும். மரநார்ப் பலகையின் கடத்துதிறன் 0.04 அளவு என்பதால் அதே 0.30ஐ எட்ட 120 மி.மீ. வேண்டும். அதை ஒற்றைச் செங்கலில் நேரடியாக ஒட்டினால் மழை ஊடுருவி வரும் சுவரில் பலகையே நனையும். வெற்றிடம் விட்டால் இன்னும் 50 மி.மீ. போகும். அகலம் 4 மீட்டராக இருந்திருந்தால் உங்கள் யோசனையைப் பற்றி நீண்ட நேரம் பேசலாம்.

கண்ணாடி நார், பாறை நார் போன்ற கனிமக் கம்பளி வெப்பக்காப்பு மலிவு, தீப்பிடிக்காது, ஒலியையும் தடுக்கும். கடத்துதிறன் 0.035 என்பதால் அதற்கும் 100 மி.மீ.க்கு மேல் தேவை. பின்சுவரில் குளியலறையின் நீளத்தை விட்டுக்கொடுக்க முடிந்தால் அங்கே அதைப் பயன்படுத்தலாம்.

சந்திரமுகில் எழுதியது:

நாங்கள் ஸ்லாவில் இருக்கிறோம். ஏறத்தாழ இதே அளவுள்ள கராஜைச் சென்ற ஆண்டுதான் மாற்றி முடித்தோம். சுவரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, தரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெட்ரோல் சிந்தினால் வீட்டுக்குள் வராதிருக்கவே கராஜ் தரையை வீட்டைவிடக் குறைந்தது 100 மி.மீ. தாழ்வாக அமைப்பார்கள். அந்தத் தாழ்வு உங்களுக்கு வரப்பிரசாதம். தரையைச் சமன்செய்து, 1200 கேஜ் கனமுள்ள ஈரத் தடுப்புப் பாலித்தீனை விரித்து, அதன் ஓரங்களைச் சுவரிலுள்ள ஈரத் தடுப்பு அடுக்கோடு இணைத்து, 100 மி.மீ. பி.ஐ.ஆர்., அதன்மேல் மெல்லிய படலம், 22 மி.மீ. ஈரம் தாங்கும் சிப்போர்டு (மரத்துகள் பலகை) என்று அடுக்கினால் வீட்டுத் தரையோடு சமமாகிவிடும். அம்மாவுக்குப் படி எதுவும் இராது. கொங்கிரீட்டை உடைக்கவேண்டிய தேவையும் இல்லை, குளியலறைக் கழிவுக் குழாய் போகும் பாதையைத் தவிர. குளிக்கும் தரையில் நீர் வடியும் பொறி உட்காரவும் அந்த 150 மி.மீ. போதும். கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலிலேயே பாருங்கள். எங்கள் பின்முற்றத்தில் ஓடிய குழாய் அயலவர்களோடு பொதுவானது என்று பாதி வழியில்தான் தெரிந்தது. அத்தகைய குழாய்க்கு மூன்று மீட்டருக்குள் கட்டுமானம் செய்தால் நீர், கழிவுநீர் நிறுவனமான தேம்ஸ் வோட்டரின் ஒப்புதலும் வேண்டும்.

கராஜின் வெளித்தரை உள்தரைக்குச் சமமாகவோ உயரமாகவோ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத் தடுப்பு அடுக்கு வெளித்தரையிலிருந்து 150 மி.மீ. மேலே இருக்கவேண்டும். எங்களுடையது மண்ணில் புதைந்திருந்தது. பக்கத்து நடைபாதையைத் தாழ்த்தும் செலவு எந்த மதிப்பீட்டிலும் இருக்கவில்லை.

இன்னொன்று: சமையலறை வழியாக மட்டுமே போகக்கூடிய படுக்கையறை என்பதால் தீ விதி இறுக்கமானது. சமையலறையில் தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும். திறக்கும்போது குறைந்தது 0.33 சதுர மீட்டர் வெளி, அகலமும் உயரமும் 450 மி.மீ.க்குக் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 1,100 மி.மீ.க்கு மேற்படாமல் ஒரு யன்னல் இருந்தால் விதி நிறைவேறும். ஆனால் மூட்டுவாதம் உள்ளவர் யன்னலில் ஏறிக் குதிப்பாரா? இரண்டாம் பில்டர் வெளிக்கதவு போட்டிருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. அதை வெட்டாதீர்கள்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பின்னொரு நாள் அதை வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம் சிலருக்கு வரும். வீட்டின் பகுதியாகப் பயன்படுத்துவதற்குப் பெரும்பாலும் பிளானிங் அனுமதி தேவையில்லை. தனிக் குடியிருப்பாக்கினால் கட்டாயம் தேவை. எங்கள் கவுன்சில் 2013இல் வெப்பப் படக் கருவி பொருத்திய விமானத்தைப் பறக்கவிட்டு, மனிதர் வாழும் கொட்டகைகளைத் தேடியது. வெப்பக்காப்பு இல்லாதவைதான் மேலிருந்து நன்றாகத் தெரிந்திருக்கும் போலும்!

ஹரோவாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முதலாமவரிடம் யு மதிப்புக் கணக்கும் வரி விவரமும் கேட்டேன். 17,000 வரி சேர்க்காத தொகைதான். கணக்கு இன்னும் வரவில்லை. அவரைக் கைவிட்டுவிட்டேன். மானியத்துக்காகக் கவுன்சிலிடம் பேசினேன். மதிப்பீட்டாளர் வரும் நாள் கிடைத்திருக்கிறது. அதுவரை எதிலும் கையொப்பமிடப்போவதில்லை.

மானியம் கிடைக்காவிட்டால் இரண்டாமவரின் 29,500ஐ 22,000க்கு அருகே கொண்டுவர வேண்டும். கூரையைத்தான் யோசிக்கிறேன். ஃபெல்ட் ஒழுகவில்லை. இப்போதைக்கு 4,800 பவுண் செலவில் மேலிருந்து கூரையை மாற்றாமல், கீழிருந்து மரங்களுக்கிடையே வெப்பக்காப்பை அடைத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மேற்கூரையைச் செய்யலாமா? முன்சுவரின் அத்திவாரம் உண்மையிலேயே தேவையா என்றும் ஐயா சொன்னால் நல்லது.

தளமேற்பார்வை எழுதியது:

கூரையில் கை வைக்க வேண்டாம் தம்பி. காரணம் சொல்கிறேன்.

கீழிருந்து அடைக்கும் முறையில் கூரைப் பலகை குளிராகவே இருக்கும். அறையின் நீராவி எப்படியும் கொஞ்சம் மேலே போய் அந்தப் பலகையின் அடியில் நீராகும். அதனால்தான் வெப்பக்காப்புக்கும் பலகைக்கும் நடுவே 50 மி.மீ. காற்றோட்ட இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் காற்று புக வழி செய்யச் சொல்கிறார்கள். உங்கள் கூரையின் ஒரு முனை வீட்டுச் சுவரில் முட்டுகிறதென்றால் அந்தப் பக்கம் காற்றுக்கு வழியே இல்லை. அதோடு 150 மி.மீ. மரத்தில் 50 மி.மீ. காற்றுக்குப் போனால் மீதி 100 மி.மீ.தான், 0.16ஐ எட்ட மரத்துக்குக் கீழே இன்னும் 60 மி.மீ. தொங்கவிட வேண்டும். தரை ஏற்கெனவே 150 மி.மீ. உயர்கிறது. அறையின் உயரம் 2.1 மீட்டருக்கு அருகில் வந்துவிடும்.

மேலிருந்து 130, 140 மி.மீ. பி.ஐ.ஆர். பலகை போட்டு அதன்மேல் புதிய மூடு அடுக்கு போடும் முறையில் கூரைப் பலகையும் மரமும் வெப்பமான பக்கத்தில் இருக்கும், காற்றோட்டம் வேண்டாம், உயரமும் குறையாது. கூரை அவ்வளவுக்கு வெளியே உயர்வதால் பிளானிங் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது கீழே அடைத்துவிட்டுப் பிறகு மேலேயும் போடுவது எல்லாவற்றிலும் மோசமானது: இரண்டு வெப்பக்காப்புகளுக்கு நடுவே கூரைப் பலகை சிக்கும், முதலில் செலவழித்ததைப் பிடுங்கியெறிய வேண்டிவரும். கூரையை உரிப்பதற்கு முன்பு ஓரப்பலகைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். 1999இல்தான் இந்நாட்டில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. 1960களின் கராஜில் அது இருப்பது வியப்பல்ல.

அத்திவாரம்: கதவு இருந்த இடத்தில் வெறும் கொங்கிரீட் தரையின் நுனி மட்டும் இருக்கலாம், அதன்மேல் சுவர் எழுப்பினால் விரிசல் விடும். ஹரோவின் களிமண் கோடையில் சுருங்கி மாரியில் வீங்கும். முதலில் ஓர் ஆய்வுக் குழி தோண்டி என்ன இருக்கிறதென்று பாருங்கள். அது ஒரு காலை நேர வேலை. இரு பக்கமும் பழைய சுவர்களின் அத்திவாரம் உறுதியாக இருந்தால் தரைமட்டத்தில் கொங்கிரீட் லிண்டலை (உத்தரத்தை) இரண்டுக்கும் நடுவே பாலமாக வைத்து அதன்மேல் கட்டுவதைப் பில்டிங் கண்ட்ரோல் ஏற்பதுண்டு. ஏற்றால் 4,200இல் கணிசமாகக் குறையும். ஏற்காவிட்டால் தோண்டத்தான் வேண்டும். அயல்வீட்டுச் சுவரிலிருந்து மூன்று மீட்டருக்குள் அவர்களுடைய அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவர்களுக்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும்.

குறைக்கக்கூடியவற்றைச் சொல்கிறேன். வீட்டுப் பக்கச் சுவரை விட்டுவிட்டால் சுவர்களுக்கான 4,400இல் ஒரு பகுதி குறையும். மின்சாரத்துக்கும் ரேடியேட்டருக்குமான 2,600இல் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் எழுதியிருக்கிறார்? உங்கள் அறைக்கு மிகக் குளிரான நாளிலும் 600 வாட் போதும், புதிய பொயிலர் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தரை விரிப்பு, சுவர் வண்ணம், அலுமாரிகள் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு நீங்களே பின்னர் செய்யலாம். குளியலறையின் ஓடுகளைத் தரைக்கும் குளிக்கும் மூலைக்கும் மட்டும் போட்டு மற்ற இடங்களில் ஈரம் தாங்கும் பலகை வைக்கலாம், ஆனால் விநாடிக்கு 15 லீட்டர் இழுக்கும் காற்றாடியைக் குறைக்க வேண்டாம். வரவுசெலவு சொன்ன வரி விலக்கும் சேர்ந்தால் 24,000க்குக் கீழே வந்துவிடும் என்பது என் மதிப்பு. அதற்கும் குறைவாக வேண்டுமானால், குளியலறையின் குழாய்களையும் மின்கம்பிகளையும் இப்போதே சுவருக்குள் விட்டு மூடிவிட்டு, பொருத்துவதை மட்டும் தள்ளிப்போடலாம்.

வரவுசெலவு எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பில்டருக்கான பணத்தை நாட்கணக்கில் அல்ல, பில்டிங் கண்ட்ரோல் பரிசோதனைகளின் கணக்கில் பிரித்துக் கொடுங்கள்: அத்திவாரம், தரையின் ஈரத் தடுப்பு, கழிவுக் குழாய், பிளாஸ்டர்போர்டு அடிக்குமுன் வெப்பக்காப்பு என்று ஒவ்வொன்றும் பார்வையிடப்பட்ட பின் ஒரு பகுதி. வெப்பக்காப்பை மூடுவதற்கு முன்பு நீங்களும் ஒவ்வொரு சுவரையும் அளவுகோலோடு படமெடுத்து வையுங்கள். கடைசி 5 விழுக்காட்டை நிறைவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை கொடுக்க வேண்டாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாத அறையை வீடு விற்கும்போது வழக்கறிஞர்கள் படுக்கையறையாக ஏற்கமாட்டார்கள்.

ஹரோவாசி எழுதியது:

நன்றி ஐயா, நன்றி நண்பரே. வீட்டுப் பக்கச் சுவரை அவர் கணக்கில் சேர்த்துத்தான் இருக்கிறார். நீக்கித் தரச் சம்மதித்துவிட்டார். ஆய்வுக் குழியை வரும் சனிக்கிழமை தோண்டுகிறோம். என்ன தெரிகிறதென்று படத்தோடு இங்கே இடுகிறேன்.